தொட்டி நிரம்பும் நேரம்

பெட்ரோலில் எந்தச் சாராயத்தைக் கலந்தால் இன்ஜினின் தெம்பு குறையாது, புகை குறையும் என்று தொண்ணூறுகளில் நானும் என் நண்பரும் சோதித்துக்கொண்டிருந்தோம். அவர் கோவையில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தைப் பார்ப்பவர். நான் பம்ப்செட் பட்டறைக்காரன். பிரித்துப் பூட்டியே கற்றவன். மெத்தனால் கலந்தபோது என் பட்டறை இன்ஜினின் ரப்பர் வாஷர் உப்பி, ஒழுக ஆரம்பித்தது. அடுத்தது எத்தனால். அதைத் தோட்டத்தில் உழைக்கிற பம்பில்தான் பார்க்கவேண்டும் என்று எனக்குப் பிடிவாதம்.

பொள்ளாச்சிப் பக்கத்தில் இருந்த மச்சான், என் மனைவியின் அண்ணன், அரைமனதாகச் சம்மதித்தார். கோடைக்காலம். கரண்ட் போனால் அவருடைய தென்னங்கன்றுகளுக்கு பெட்ரோலில் ஓடும் தண்ணீர் பம்ப் ஒன்றுதான் கதி. அது கெட்டால் கன்று காய்ந்துவிடும்.

தெம்பை அளக்க எங்களிடம் கருவி ஏது? தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டி எவ்வளவு நேரத்தில் நிரம்புகிறது என்று பார்த்தோம். புகைக்கு, சைலன்சர் வாயில் வெள்ளை வேட்டித் துணி. வெறும் பெட்ரோலில் ஓட்டியபோது துணி கருத்தது. பிறகு எத்தனாலையும் பெட்ரோலையும் அந்த வீட்டுக் கேனில் கலந்து ஊற்றினோம். பம்ப் நாலு இருமல் இருமி நின்றது.

மச்சான் கன்றுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சாராயத்தை ஊத்துனா தள்ளாடாம என்னங்க மாப்ள பண்ணும்?"

பம்பின் டேங்கில் இருந்ததைக் கண்ணாடி பாட்டிலில் இறக்கினேன். அடியில் தனியாக ஒரு படலம் நின்றது. நண்பர் பார்த்த உடனே, தண்ணீர் சேர்ந்துவிட்டது என்றார். கேனைப் பற்றி விசாரித்தேன்.

"நான்தானுங்க அலசி வெச்சேன்," என்றார் மச்சானின் மனைவி. "கழுவாத சாமானையா வந்தவங்க கையில குடுக்கறது?"

மரியாதைக்குக் கழுவிய கேனில் ஈரம் மிச்சம். எத்தனால் தண்ணீரைக் கண்டால் பெட்ரோலை விட்டுவிட்டு அதோடு போய் ஒட்டிக்கொள்ளும். அடியில் இறங்கிய அந்தக் கலவையைத்தான் இன்ஜின் குடித்திருக்கிறது.

கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்து, கேனை வெயிலில் காயவைத்து, புதிதாகக் கலந்து ஊற்றினோம். இந்த முறை பம்ப் ஒரே சீராக ஓடியது. எரிபொருள் சற்றுக் கூடுதலாகச் செலவானது. ஆனால் தொட்டி ஏறக்குறைய அதே நேரத்தில் நிரம்பியது. புதிதாகக் கட்டிய துணியில் லேசான சாம்பல் நிறம்தான்.

மச்சான் மண்வெட்டியை எடுத்து மடையை வெட்டிவிட்டார். தண்ணீர் கடைசிக் கன்றுவரை போய்ச் சேர்ந்த பிறகே திரும்பி வந்தார். இரண்டு துணிகளையும் மோட்டார் ரூம் சுவரில் ஆணி அடித்து மாட்டினார். வருகிறவர்களிடமெல்லாம் வெளுத்த துணியைக் காட்டி, "எங்க மாப்ள செஞ்சதுங்க" என்பார். அதைக் கேட்பதற்காகவே நான் பொள்ளாச்சி பஸ் ஏறியது உண்டு.