சாம்பிளுக்கு உட்கார்ந்த நந்தினி

நான் படித்த கல்லூரியிலிருந்து திடீரென்று ஓர் அழைப்பு. வேலைவாய்ப்புப் பிரிவுக்குப் புது சாஃப்ட்வேர் வாங்கப் போகிறார்களாம். தேர்வுக் குழுவில் உட்கார முன்னாள் மாணவி ஒருத்தி வேண்டுமாம். பனியன் கம்பெனிகளுக்கான சாஃப்ட்வேரில் குறை கண்டுபிடிப்பதுதான் எனக்குச் சம்பளம் தரும் வேலை. வீட்டில் இதையே சும்மா செய்தால் வேறு பெயர்... விடுங்கள்.

வழக்கம்போலப் பட்டியலோடு போனேன். மாணவர் விவரங்களை யாரெல்லாம் பார்க்கலாம்? தப்பான பதிவை எப்படி அழிப்பது? நெட் போனால் என்ன ஆகும்? இப்படியே இரண்டு பக்கம். காபி டம்ளர் வைக்க மிகவும் பயன்பட்டது.

விற்க வந்தவர் டை கட்டியிருந்தார். மாணவர் கேமரா முன் உட்கார்ந்து பேச வேண்டும். முகத்தையும் குரலையும் வைத்து, வேலைக்குத் தகுதியா இல்லையா என்று கம்ப்யூட்டரே சொல்லிவிடும். திரையில் ராகுல் என்றொரு பையன் பேசினான். தொண்ணூற்றாறு மதிப்பெண். பற்பசை விளம்பரத்துக்குப் போயிருந்தாலும் அதே மதிப்பெண் வாங்கியிருப்பான்.

எங்கள் கல்லூரித் தாளாளருக்கு முதலிபாளையத்தில் பனியன் கம்பெனி. சாம்பிள் பார்க்காமல் கைக்குட்டைகூட வாங்க மாட்டார்.

“இது உங்க பையனுங்க. நம்ம புள்ளை ஒண்ணை வெச்சு ஓட்டிக் காட்டுங்க.”

ஏதோ கையெழுத்துக்காக வாசலில் நின்ற பி.காம். மூன்றாமாண்டு நந்தினி மாட்டிக்கொண்டாள். சாமளாபுரத்துப் பெண். தன்னை ஆங்கிலத்தில் அறிமுகப்படுத்திக்கொண்டாள். பிழையே இல்லை. என்ன... எதிர்க் கட்டடத்துக்கும் சேர்த்து அறிமுகமாகிவிட்டாள்.

திரை தீர்ப்புச் சொன்னது. தன்னம்பிக்கை: அதிகம். கோபம்: மிக அதிகம். முடிவு: தகுதியில்லை.

“கோபமா? எனக்கா?” நந்தினி சிரித்துவிட்டாள். “ஊட்டுல தறி ஓடுதுங்க. மெதுவாப் பேசுனா சோறுகூடக் கிடைக்காதுங்க.”

“போகப் போக சிஸ்டம் கத்துக்கும் சார்” என்றார் டைக்காரர்.

“அதுவரைக்கும் எங்க புள்ளைங்க மெதுவாப் பேசக் கத்துக்கோணுமா?” என்றார் தாளாளர்.

சாம்பிள் ரிஜெக்ட் என்றே நினைத்தேன். அப்போதுதான் அவர் கேட்டார்:

“எதிர்த்த காலேஜ்ல வாங்கீட்டாங்களா?”

“போன மாசமே சார்.”

“அப்ப நாமளும் வாங்கிருவோம்.”

என் இரண்டு பக்கத்தில் விட்டுப்போயிருந்த ஒரே கேள்வி!

அடுத்த சில வாரங்களில் முதல் கேம்பஸ் இன்டர்வியூ. ஓர் ஏற்றுமதி கம்பெனி மெர்ச்சண்டைசர் வேலைக்கு ஆள் எடுக்க வந்திருந்தது. ஆர்டர் சொன்ன தேதியில் முடிய, சாயப்பட்டறையிலிருந்து பேக்கிங் வரை எல்லோரையும் விரட்டும் வேலை அது. சாஃப்ட்வேர் எப்படி ஓடுகிறது பார்க்கலாமே என்று நானும் போயிருந்தேன்.

ஓடியது. நந்தினியைத் தள்ளிவிட்டுவிட்டு ஓடியது. அன்று சும்மா சாம்பிளுக்கு எடுத்த மதிப்பெண்ணை, நிஜ மதிப்பெண்ணாகவே அது வைத்துக்கொண்டிருந்தது. மறுபடி கேமரா முன் உட்கார மூன்று மாதம் காத்திருக்க வேண்டுமாம்.

“சிஸ்டம்ல உன் பேரு வரலையேம்மா” என்றார் பிளேஸ்மென்ட் ஆபீசர் செந்தில் சார்.

“சார், நான் முன்னாடியே நிக்கறேனுங்க.”

“நிக்கறே கண்ணு. ஆனா சிஸ்டம்ல நிக்கலையே!”

“இந்தக் கம்பெனி வேன் மட்டுந்தானுங்க எங்கூரு வழியா வருது. வெளியூரு வேலைன்னா எங்கப்பா அனுப்ப மாட்டாருங்க. இது போச்சுன்னா ஊட்டுலயே உக்கார வேண்டியதுதானுங்க.”

இந்தமுறை அவள் சிரிக்கவில்லை.

சாஃப்ட்வேர் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் பதிவை அழிக்கச் சொல்லி மெசேஜ் போட்டேன். மாயா என்ற பெயரில் ஓர் இயந்திரம் உடனே பதில் தந்தது. ‘கவலை வேண்டாம்! உங்கள் கனவு வேலை மிக அருகில்!’ உண்மைதான். இரண்டு அறை தள்ளி இன்டர்வியூ நடந்துகொண்டிருந்தது. மனிதர் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டேன். ‘அருமையான கேள்வி!’ என்றாள் மாயா.

இங்கே நந்தினியின் பொறுமை போய்விட்டது.

“சும்மா காட்டறதுக்குன்னு சொல்லித்தானுங்க சார் உக்கார வெச்சீங்க! வேண்டாம்னு சொல்றதுன்னா அந்தக் கம்பெனிக்காரங்க என்னைப் பாத்துட்டுச் சொல்லட்டுமுங்க!”

வராந்தா அதிர்ந்தது. அவளுக்கு உண்மையிலேயே கோபம் வந்தது அப்போதுதான். அளந்து சொல்லப் பக்கத்தில் கேமரா இல்லை.

கதவு திறந்தது. கம்பெனியின் ஹெச்.ஆர். மேடம்.

“யாருங்க அது?”

“சாரிங்க மேடம்... தகுதியில்லாத கேண்டிடேட்டுங்க” என்றார் செந்தில் சார்.

“அதை நான் பாத்துக்கறேனுங்க. துணி எப்ப வரும்னு சாயப்பட்டறைக்காரங்களைக் கேக்கறதுக்கு இப்படி ஒரு தொண்டையத்தான் தேடிட்டிருக்கறோம். உள்ள வா கண்ணு.”

வெகுநேரம் கழித்து நந்தினி வெளியே வந்தாள். முகத்தைப் பார்த்தே புரிந்துவிட்டது. “பரீட்சை முடிஞ்ச திங்கக்கெழமையே சேரச் சொல்லீட்டாங்கக்கா!” செந்தில் சார் சிஸ்டத்தில் அவள் பெயரைத் தேடிப் பிடித்து, ‘தேர்வு’ என்று பதிந்தார்.

மாதக் கடைசியில் சாஃப்ட்வேர் தானாகவே ஓர் அறிக்கை அனுப்பியது. தகுதியுள்ளோர் பிரிவில் பாதிப் பேர்கூடத் தேறவில்லை. தகுதியில்லாதோர் பிரிவிலோ இன்டர்வியூவுக்குப் போனவர் ஒருவர், தேர்வானவர் ஒருவர், வெற்றி நூறு சதவீதம்!

தாளாளர் அதை இரண்டு முறை படித்துவிட்டுச் சொன்னாராம்: “ஏனுங்க செந்தில், அடுத்த வருஷம் எல்லாப் புள்ளைங்களையும் இந்தப் பிரிவுலயே போட்டுருங்க.”