லாசரோ ஜேரேயின் தலைக்குள் சுண்ணாம்பு

சிபாட்டா நகருக்குத் தெற்கே எங்கள் ஊரில் லாசரோ ஜேரேயைப் பெரிய மனிதர் என்பார்கள். நான் சொன்னதில்லை. ஒருவர் எதைக் கண்டு அருவருக்கிறார் என்பதைப் பார்த்தே அவரை எடைபோடுவது என் வழக்கம். லாசரோவின் பன்றிகள் கட்டுக்கயிறு இல்லாமல் ஊரெல்லாம் மேய்ந்தன. அவர் வீட்டில் கழிப்பறை கிடையாது. காலையில் குடும்பம் புதருக்குப் போகும், பின்னாலேயே பன்றிகளும் போகும். அதில் அவருக்கு அருவருப்பு இல்லை. மருமகள் எனெலேசியின் எச்சிலில்தான் இருந்தது.

எனெலேசிக்குக் காக்காய் வலிப்பு. முதல் தடவை அடுப்போரம் விழுந்து நுரை தள்ளினாள். நுரை பட்டால் நோய் ஒட்டும் என்பது ஊரின் நம்பிக்கை. லாசரோ ஓடி வந்தார். அவளைத் தூக்க அல்ல, தூக்கப் போனவர்களைத் தடுக்க. நெருப்பில் கிடந்த அவளுடைய வலது கை வெந்துபோனது. அன்றிலிருந்து அவளுக்கென்று பூச்சு உதிர்ந்த நீலத் தட்டு ஒன்று, தனிக் குடிசை ஒன்று. பெண்களும் பிள்ளைகளும் ஒரே தட்டைச் சுற்றி அமர்ந்து சோளக்களி உண்ணும்போது, தன் மகள் அடுத்தவர் மடியில் இருப்பதை அவள் தள்ளி உட்கார்ந்து பார்ப்பாள். அறுவடை முடிந்ததும் அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவது, பிள்ளையை இங்கேயே வைத்துக்கொள்வது என்று லாசரோ முடிவு செய்திருந்தார். அவள் கணவன் ஜெமுசி அதற்கும் தலையாட்டினான். அவனைப் பற்றி எழுத வேறு ஒன்றும் இல்லை.

அப்போதுதான் தலைநகரிலிருந்து மருத்துவர்கள் வந்தார்கள். வலிப்புக்காரர்களுக்கு சிபாட்டாவில் சி.டி. ஸ்கேன் எடுக்கப் போவதாகவும், ஒப்பிட்டுப் பார்க்க நல்ல உடம்புக்காரர்கள் சிலரும் வேண்டும் என்றும் சொன்னார்கள். லாசரோ முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். லாரியில் டிரைவர் பக்கத்தில் அவர் உட்கார்ந்தார், பின்னால் எனெலேசி.

பெண் மருத்துவர் ஒருவர் இருவருடைய படங்களையும் விளக்குப் பலகையில் அடுத்தடுத்து மாட்டினார். “இந்த வெள்ளைப் புள்ளி எல்லாம் செத்துப்போன புழுக்கூடு. சுண்ணாம்பா இறுகிக் கிடக்கு,” என்றார். பன்றிக்கறியிலிருந்து மனிதர் வயிற்றுக்குள் போகும் நாடாப்புழுவின் முட்டை, மலத்தில் வெளியே வந்து, அழுக்குக் கை வழியாக வாய்க்குப் போய், மூளையில் புழுக்கூடாகிறது, எச்சிலில் ஒட்டாது என்று விளக்கினார். எனெலேசிக்கு மூன்று புள்ளிகள். லாசரோவின் தலையில் இருந்தவற்றை எண்ணத் தொடங்கியவர் பாதியிலேயே விட்டுவிட்டார். தனக்கு ஏன் வலிப்பு வரவில்லை என்று லாசரோ கேட்டார். சிலருக்கு வராது, அதிர்ஷ்டம் என்று பதில் வந்தது.

அதிர்ஷ்டத்தைத் தகுதி என்று எடுத்துக்கொள்ளும் ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஊர் திரும்பிய லாசரோ படத்தைச் சன்னலில் தொங்கவிட்டார். மாலையில் கள் குடிக்க வந்தவர்களிடம், “அறிவு முத்தினா இப்படித்தான் விதை கட்டுமாம்,” என்றார். அவர்கள் தலையாட்டினார்கள். அவர் வீட்டுக் கள்ளைக் குடித்துக்கொண்டு வேறென்ன செய்வார்கள்? எனெலேசியின் நீலத் தட்டு மட்டும் அப்படியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகளோடு இருந்த லாசரோவுக்கு எனெலேசியே சாப்பாடு கொண்டுவந்தாள். மாமனார் முன்னால் செய்ய வேண்டிய முறைப்படி மண்டியிட்டு, கண்ணைத் தாழ்த்தி, தட்டை வைத்தாள். நீலத் தட்டு.

“இது யார் தட்டு?”

“என் தட்டுதான் மாமா. உங்க தலையில இருக்கறதுதான் என் தலையிலயும் இருக்குன்னு டாக்டரம்மா நம்ம ரெண்டு பேரையும் வச்சுத்தானே சொன்னாங்க? அது அறிவுன்னா எனக்கும் கொஞ்சம் இருக்கு. நோய்னா உங்களுக்குத்தான் ஜாஸ்தி. எப்படிப் பார்த்தாலும் இந்தத் தட்டு உங்களுக்கு ஆகும்.”

கள் குடித்தவர்கள் சன்னலைப் பார்த்தார்கள். லாசரோ தனக்கு வயிறு சரியில்லை என்றார்.

அவர் மனைவி லோசி வந்து தட்டை எடுத்தாள். களியில் ஒரு உருண்டை பிய்த்து, கீரையில் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். “முப்பது வருஷமா இவரோட ஒரே குடுவையில குடிக்கிறேன். அந்த எச்சில் எனக்கு ஒட்டல. உன்னோடது மட்டும் எப்படிடி ஒட்டும்? வா, பிள்ளையை மடியில வச்சுக்கிட்டுச் சாப்பிடு.”

தாய்வீட்டுப் பேச்சு அதோடு நின்றது. மறுபக்கம், கள்ளுக் குடுவை கைமாறி வந்தபோது லாசரோவைத் தாண்டி அடுத்தவரிடம் போனது. மறுவாரம் அவருக்குத் தனிக் கோப்பை வைத்தார்கள். மருத்துவர் சொன்னதில் புள்ளிகளை மட்டும் நம்பி, எச்சில் ஒட்டாது என்பதை வசதியாக மறந்துவிட்ட கூட்டம் அது. கழிப்பறை கட்டுவது பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. விடிந்ததும் எல்லோரும் புதருக்குப் போகிறார்கள். பன்றிகளும் போகின்றன.