நாற்பதாவது விநாடி

பிரின்சிபால் சார், திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நம் கல்லூரி பேனரில் இருக்கும் பெண்ணின் படம் நீங்கள் திருடியது. எங்கள் இங்கிலீஷ் மேடத்தின் வகுப்புக்காக அவளே எடுத்த வீடியோவிலிருந்து வெட்டியது அது. அந்த வகுப்பைக் காரணம் காட்டித்தான் அவரை வேலையிலிருந்து அனுப்பினீர்கள்.

நான் அப்போது கம்ப்யூட்டர் லேப் பொறுப்பாளன். பெங்களூரு கம்பெனிகள் நம் கல்லூரி இருக்கும் சந்திரகிரி ரோடு வரைக்கும் ஆள் எடுக்க வந்துகொண்டிருந்த காலம். பிள்ளைகளுக்குப் பாடம் தெரியும். இங்கிலீஷில் பேசத்தான் வாய் வராது. ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம் பேசி, போனில் பதிவு செய்து, வகுப்புக்கென்று இணையத்தில் திறந்த பக்கத்தில் ஏற்ற வேண்டும் என்றார் மேடம். மற்றவர்கள் அதைப் பார்த்துத் தங்கள் குரலிலேயே கருத்துப் பதிய வேண்டும். தமிழோ தெலுங்கோ, எதுவானாலும் சரி. சட்டம் ஒன்றுதான். "சூப்பர்னு சொல்லிட்டுப் போறதுக்கு இது இன்னா கல்யாண சாப்பாடா? எத்தினியாவது செகண்ட்ல தப்பு, அத எப்பிடி சரி பண்றது, ரெண்டையும் சொல்லு" என்பார். வேலையற்ற வேலை என்று சிரித்தவன் நான். ஒரே மாதத்தில் வாயை மூடிக்கொண்டேன். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அடுத்தவர் பேச்சை மூன்று தடவை கேட்டார்கள். கேட்கக் கேட்க அவர்கள் பேச்சும் திருந்தியது.

நாகலாபுரத்துப் பெண் ஒருத்தியின் வீடியோவுக்கு நகரியிலிருந்து வரும் பையன் ஒருவன் இப்படிப் பதிந்தான்: "நாப்பதாவது செகண்ட்ல தரையவே பாத்துக்கினு கீற மே. இன்னா, எறும்பு போவுதா? கேமராவ பாரு, நீதான் ஃபர்ஸ்ட்டு." அது ஸ்பீக்கரில் ஓடியபோது லேப் பக்கம் வந்த உங்கள் காதில் எறும்பு மட்டும்தான் விழுந்தது. பெண்பிள்ளையைக் கேலி செய்ய விடுகிறார் என்று மேடத்தின் மேல் பழி போட்டீர்கள். அந்தப் பெண்ணே உங்கள் அறைக்கு வந்தாள். "அவன் சொன்னது நெசம் சார். அத கேட்டுட்டுதான் மறுபடி எடுத்தேன். பாருங்க சார்" என்று போனை நீட்டினாள். நீங்கள் பார்க்கவில்லை. மாதக் கடைசியோடு மேடத்தைப் போகச் சொல்லிவிட்டீர்கள். கடைசி நாளன்று அவர் லேபில் உட்கார்ந்து, மிச்சமிருந்த குரல்களையெல்லாம் கேட்டு, ஒவ்வொரு பிள்ளைக்கும் பதில் பதிந்த பிறகுதான் ஹெட்போனைக் கழற்றினார். அவருக்காக நான் உங்களிடம் பேசவில்லை. அது என் தப்பு.

அந்தப் பெண்ணுக்குப் பெங்களூருவில் வேலை கிடைத்ததும், அவளுடைய இரண்டாவது வீடியோவைத் தேடச் சொன்னீர்கள். எடுத்துக் கொடுத்தவனும் நான்தான். நேற்று அந்தப் பேனருக்குக் கீழே நின்று பார்த்தேன். அவள் தரையைப் பார்க்கவில்லை, நேராகப் பார்க்கிறாள்.

ஆண்டு விழா வருகிறது. பிள்ளைகள், பெற்றோர் எல்லோர் முன்னாலும் மைக்கைப் பிடித்துச் சொல்லுங்கள், சார். மேடம் செய்ததில் எத்தனையாவது விநாடியில் தப்பு?