ஜெயசித்ராவின் கடையில் ஷட்டவுன் நாள்

ராஜபாளையத்தில் லேப்டாப் கெட்டுப்போனால் ஜெயசித்ராவிடம் போகலாம். ஆனால் காதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும். வேலை சுத்தம், வாய்தான் பொல்லாதது. மெத்தை மேல் வைத்துச் சார்ஜ் போட்டவர், பிய்ந்துபோன வயருக்குச் செலோடேப் சுற்றியவர் என்று அவளிடம் ஏச்சு வாங்காதவர் அந்தப் பக்கத்தில் குறைவு. முன்பு வேலை பார்த்த கடையில் முதலாளி டூப்ளிகேட் பேட்டரியை ஒரிஜினல் என்று விற்றபோது, வாங்க வந்தவர் முன்னாலேயே அந்த உண்மையைப் போட்டு உடைத்துவிட்டு வெளியே வந்தவள். அந்தக் கோபத்தில் தொடங்கியதுதான் இந்தச் சொந்தக் கடை.

ஆனி மாதத்தில் ஒரு நாள் சாயங்காலம், நூல் மில்லில் கழிவுப் பஞ்சைப் பொதி கட்டுகிற லிங்கேஸ்வரன், மகள் கனகலட்சுமியோடு அவளுடைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இது மூடவே மாட்டேங்குது தாயி."

ஜெயசித்ரா அடிமூடியைக் கழற்றினாள். பேட்டரி பூரி மாதிரி உப்பிக் கிடந்தது. நடுவில் மட்டும் ஒரு பள்ளம்.

"இதென்ன பள்ளம், அண்ணாச்சி?"

"உப்பியிருக்கேன்னு கிரைண்டர் கல்லத் தூக்கி ராத்திரி பூரா மேல வச்சேன். மில்லுல பஞ்ச இப்படித்தான் அமுக்குவோம்."

"அடப்பாவி மனுசா! இது பஞ்சா? தீப்பிடிச்சிருந்தா குடும்பத்தோட போயிருப்பீக! எம்புட்டு நாளா சார்ஜ்ல கிடந்துச்சு?"

"வாங்குன நாள்ல இருந்து பிடுங்கவே இல்ல. கரண்டு எப்பப் போகும்னு யாரு கண்டா?"

ஜெயசித்ராவுக்கு உச்சந்தலை வரை ஏறியது. ஊரே இப்படித்தான். கரண்டுக்குப் பயந்து எந்நேரமும் சார்ஜில் போட்டு பேட்டரியைக் கொல்ல வேண்டியது. கரண்டு போன அன்றைக்கு அது நாலு நிமிஷம் எரிந்து அணைந்ததும் திருதிருவென்று முழிக்க வேண்டியது.

"எண்பது பர்சென்ட் வந்தா பிடுங்குங்க, இருபதுக்குக் கீழ விடாதீங்க, சூடானா செத்த நேரம் ஆறப் போடுங்கன்னு கத்திக் கத்தி எனக்கு உசிரு போகுது. காசு போட்டு வாங்கத் தெரியுது, வச்சிக்கத் தெரியலையே! அறிவு வேண்டாமா?"

லிங்கேஸ்வரன் தலையைக் குனிந்துகொண்டார். மகள்தான் மெல்ல விஷயத்தைச் சொன்னாள். மறுநாள் பதினோரு மணிக்கு ஒரு கோயம்புத்தூர் கம்பெனி ஆன்லைனில் அவளை இண்டர்வியூ செய்கிறது. மூன்று சுற்று தாண்டியாகிவிட்டது, இதுதான் கடைசி. போனில் சேரக்கூடாது, லேப்டாப்தான் வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். மறுநாள் பார்த்து ராஜபாளையத்தில் மாதாந்திர ஷட்டவுன், காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை கரண்டு இருக்காது. புது பேட்டரி மதுரையிலிருந்து வர இரண்டு நாளாகும். பேட்டரி இல்லாமலும் லேப்டாப் ஓடும்தான். ஆனால் பிளக்கில் கரண்டு இருந்தாக வேண்டும்.

"ஸ்ரீவில்லிபுத்தூர்ல எங்க சித்தி வீடு இருக்குக்கா. அங்க நாளைக்கு கரண்டு இருக்கும். காலைலயே போயிருறோம்" என்றாள் கனகலட்சுமி.

"இண்டர்வியூவ வச்சிக்கிட்டு எதுக்கு பஸ் ஏறி அலையிற? இங்க இன்வெர்ட்டர் இருக்கு. நேரா கடைக்கு வா. சாயங்காலம் வரைக்கும் தாங்கும். இது உங்கப்பா வச்ச பேட்டரி இல்ல, நான் வச்சது."

மறுநாள் ஒன்பது மணிக்கு டாணென்று கரண்டு போனது. கனகலட்சுமி பத்தரைக்கு அப்பாவோடு வந்தாள். ஜெயசித்ரா ஃபேனை நிறுத்தி, தெருச் சத்தம் வராமல் ஷட்டரைப் பாதி இறக்கி, மேசையை ஒழித்துக் கொடுத்தாள். பதினொன்றுக்கு இண்டர்வியூ ஆரம்பித்தது. அந்தப் பெண் திக்காமல் திணறாமல் பதில் சொல்வதைக் கேட்க ஜெயசித்ராவுக்கே பெருமையாக இருந்தது.

பதினொன்று இருபதுக்கு இன்வெர்ட்டர் 'பீப்' என்றது. பிறகு விடாமல் கத்தியது. ஜெயசித்ரா எழுந்து ஓடுவதற்குள் லேப்டாப் திரை கறுத்துவிட்டது.

ஸ்டூலை நகர்த்திக் குனிந்து பார்த்தாள். இன்வெர்ட்டர் பேட்டரியின் ஆறு மூடியிலும் தண்ணீர் அளவு காட்டும் குச்சி சிவப்புக்குக் கீழே இறங்கிக் கிடந்தது. டிஸ்டில்டு வாட்டர் கடைசியாக எப்போது ஊற்றினோம்? பொங்கலுக்குக் கடையைக் கழுவியபோது. பத்து நிமிஷம் கரண்டு போனால் தாங்குகிறதே என்று, நாள் முழுக்கத் தாங்கும் என நம்பிவிட்டாள்.

வாசலில் நின்ற ஆட்டோக்காரர் பொன்னுராஜின் வண்டியிலிருந்து பேட்டரியைக் கழற்றி, இன்வெர்ட்டரில் வயரை மாட்டி, லேப்டாப் மறுபடி விழித்துக்கொள்ள ஒன்பது நிமிஷம் ஆனது. கம்பெனியிலிருந்து மெயில் வந்திருந்தது. அடுத்தவரை அழைத்துவிட்டார்களாம். மறுபடி வாய்ப்புத் தர வழியில்லையாம்.

தெருவில் காத்திருந்த லிங்கேஸ்வரன் குனிந்து உள்ளே வந்தார். மகள் விஷயத்தைச் சொன்னதும் ஜெயசித்ராவின் பக்கம் திரும்பினார்.

"நீ என்ன தாயி செய்வ? இந்தக் கரண்டுக்காரனுகளத்தான் சொல்லணும்."

நல்ல மனிதர். ஆமென்று அவள் தலையாட்டியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஜெயசித்ராவுக்குத் தன் மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

"அவிய முன்னாலயே சொல்லித்தான் நிறுத்துனாக, அண்ணாச்சி. தப்பு என்னுது. பேட்டரிக்கு நான் தண்ணி ஊத்தல. ஆறு மாசமாச்சு."

அதுவரை சத்தமாக ஒரு வார்த்தை பேசாத கனகலட்சுமி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"எங்கப்பா தெரியாமச் செஞ்சாரு. உங்களுக்குத் தெரியும்ல? தெரிஞ்சுக்கிட்டே ஊத்தாம இருந்தீகளா? சித்தி வீட்டுக்குப் போறோம்னு சொன்னவளத் தடுத்து நிறுத்துனது நீங்கதான! நேத்து எங்கப்பாவ எம்புட்டுப் பேச்சுப் பேசுனீக! அறிவு வேண்டாமான்னு கேட்டீக!"

"ஏட்டி, சும்மா இரு. பெரியவுககிட்ட இப்படியா பேசுறது?" என்று லிங்கேஸ்வரன் அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

ஜெயசித்ரா அவர் கையை விலக்கிவிட்டாள்.

"பேசட்டும் அண்ணாச்சி. விடுங்க. அவ பேசட்டும்."