கூடாரத்தைச் சுற்றி ஒரு வாய்க்கால்

நியூசிலாந்தின் ஒக்லண்டிலிருந்து மலைப் பூங்காவுக்குப் போய் நாங்கள் கூடாரம் அடித்திருந்தோம். பக்கத்துக் கூடாரக்காரரும் நம்மவர்தான், ஈழத்துக்காரர். நரைத்த மீசை, ஈஸ்ட் டாமாக்கிப் பக்கத்துப் பண்டகசாலை ஒன்றில் வேலைக்குக் கொடுக்கும் மஞ்சள் ஜாக்கெட். கூடாரத்தை அடித்து முடித்ததும், தேத்தண்ணிகூடக் குடிக்காமல், வீட்டிலிருந்து கொண்டுவந்த மண்வெட்டியால் அதைச் சுற்றி வாய்க்கால் வெட்டத் தொடங்கினார். வானத்தில் ஒரு முகில் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அண்ணை, இது புதுக் கூடாரமெல்லோ? தண்ணி உள்ளுக்கு வராது.”

“போர் முடிய எங்களை அடைச்ச வன்னி முகாமிலையும் அப்பிடித்தான் சொன்னவை, தம்பி. என்ரை மூத்தவள் ஈரத்திலை கிடந்துதான் காய்ச்சல் வந்து செத்தவள்.”

கொஞ்ச நேரத்தில் பூங்காவைப் பார்த்துக்கொள்ளும் ரேஞ்சர் வந்து, இங்கே நிலத்தைத் தோண்டக்கூடாது என்றார். மனிதர் வாய்க்காலை மூடி, வெட்டிய புல்லையும் திரும்பப் பதித்து, கையால் தட்டிவிட்டார்.

மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் மழை வந்தது. இங்கே பிறந்த அவருடைய இளைய மகள் திறந்த கூடாரத்துக்குள் படுத்தபடி போன் பார்த்துக்கொண்டிருந்தாள்; அவர் பக்கத்தில் குந்தியிருந்தார்.

“அப்பா, ஐ’ம் ஃபைன்.”

“ஓம், ஓம்” என்றார்.

மழை விடும்வரை அந்தப் பக்கம் நாலைந்து தரம் பார்த்திருப்பேன். ஒவ்வொரு தரமும் அவருடைய கை அவளின் மெத்தைக்குக் கீழேதான் இருந்தது.