ரோஸ் தாளில் இல்லாத வரி

வாகனத்தைத் திருத்துவது ஒரு தொழில். திருத்தியாகிவிட்டது என்று சொல்வது வேறொரு தொழில். திருகோணமலையில் உள்துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் ஒரு கார்க் கம்பனியின் சேர்விஸ் கவுண்டரில் பதினொரு வருடமாக நான் செய்துவருவது இரண்டாவதை. காரைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, எங்கள் குளிரூட்டிய அறையில் பழைய சஞ்சிகை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு அப்பால் உங்கள் கார் எங்கே நிற்கிறது என்று எட்டி எட்டிப் பார்த்தவர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நீங்கள் பட்ட பாட்டில் பாதிக்கு என் பேனை பொறுப்பு.

பிளேன்டீ ஆறுமுன்

எங்கள் படிவத்தில் நாற்பது கட்டங்கள். பிரேக், ஒயில், பற்றரி, விளக்கு, ஹோஸ் பைப் என்று ஒவ்வொன்றையும் பார்த்தபின் ஒவ்வொரு கட்டத்திலும் சரி போட வேண்டும். மூன்று தாள், நடுவே காபன். வெள்ளைத் தாள் எங்கள் கோப்புக்கு, மஞ்சள் பட்டறைக்கு, ரோஸ் உங்களுக்கு. வீட்டுக்குப் போனதும் நீங்கள் அதை டாஷ்போர்ட் பெட்டிக்குள் திணித்துவிடுவீர்கள். அந்த நம்பிக்கையில்தான் எங்கள் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

நான் காலையில் குடிக்கிற பிளேன்டீ ஆறுமுன் பத்துப் படிவங்களுக்கு நாற்பது கட்டங்களிலும் சரி போட்டு அடுக்கிவைத்துவிடுவேன். கார் வந்ததும் இலக்கத்தையும் பெயரையும் எழுதினால் வேலை முடிந்தது. இது என் கண்டுபிடிப்பு அல்ல. எனக்கு முன் அந்தக் கதிரையில் இருந்தவர் பழக்கிவிட்டது. நான் வேகத்தை மட்டும் கூட்டினேன். வேகமான கவுண்டர் என்று கொழும்பிலிருந்து சான்றிதழ்கூட வந்தது. சட்டம் போட்டு என் தலைக்கு மேலே கொழுவினார்கள்.

பட்டறையின் தலைமை மெக்கானிக் யோகு அண்ணை, நிலாவெளிக்காரர். ஒருநாள் காலை பட்டறைப் பூட்டுக்குத் திறப்பு வாங்க வந்தவர் என் மேசையில் இருந்த அடுக்கைப் பார்த்தார். வெளியே ஒரு கார்கூட வந்திருக்கவில்லை. அண்ணை கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை.

"தம்பி, இஞ்ச ஆகத் தேஞ்சு போற சாமான் உங்கட பேனைதான்."

கழுவிய கார்

நிலாவெளியில் சின்ன ஹொட்டேல் நடத்தும் ஒருவரின் கார் வந்தது. வாகனத்தை உயர்த்தி அடிப்பக்கம் பார்க்கும் தூக்கியில் வேறொன்று ஏறியிருந்ததால் முதலில் கழுவட்டும் என்று விட்டார்கள். கழுவிய கார் முன்வாசலில் பளபளவென்று நின்றது. நானும் பளபளப்பைப் பார்த்தேன், படிவத்தைப் பார்த்தேன், நாற்பது சரியும் இருந்தது. கார்த் திறப்பைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். மனிதர் மணிக்கூட்டுக் கோபுரம் வரை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. எஞ்சின் சத்தமே இல்லையாம், பிரேக் பிடித்த இடத்தில் நிற்கிறதாம். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நானும் குலுக்கினேன்.

அப்போதுதான் யோகு அண்ணை பின்னால் வந்து, அந்தக் கார் இன்னும் பட்டறைக்குள்ளேயே வரவில்லை என்று காதோடு சொன்னார். என் காது மடல் சுட்டது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். "கடைசியா ஒரு சோதனை இருக்கு, அஞ்சே அஞ்சு நிமிஷம்" என்று சொல்லிக் காரை உள்ளே எடுத்தோம். அந்த ஐந்து நிமிடம் ஒன்றேகால் மணித்தியாலம் ஆனது. அவர் பொறுமையாக உட்கார்ந்திருந்து, போகும்போது பக்கத்தில் இருந்தவரிடம் என்னைக் காட்டிச் சொன்னார்:

"எல்லாம் முடிஞ்ச பிறகும் விடாம இன்னொருக்காப் பாக்கினம். இப்படி ஆக்கள் எங்க கிடைப்பினம்?"

பனிக்கால டயர்

இப்போது நபீசா டீச்சர் வருகிறார். கிண்ணியாவில் முப்பது வருடம் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை, ஒரே மகள். சின்ன வெள்ளைக் கார், தானே ஓட்டுவார். நான் கண்ட வாடிக்கையாளர்களில் ரோஸ் தாளை டாஷ்போர்டுக்குள் போடாத ஒரே ஆள் அவர்தான். கவுண்டருக்கு முன் நின்றே, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, முதல் வரியிலிருந்து வாசிப்பார். கையில் ஒரு பேனையும் இருக்கும். நானோ வகுப்பில் பின்வாங்கில் இருக்கும் பெடியனைப் போல் வேறெங்கோ பார்ப்பேன்.

எங்கள் படிவம் ஏதோ குளிர் தேசத்தில் தயாரித்ததை அப்படியே அச்சடித்தது. முப்பத்திரண்டாவது கட்டம் பனிக்கால டயர். அதில் எத்தனை ஆயிரம் தரம் சரி போட்டிருப்பேனோ தெரியாது, ஒருநாளும் வாசித்ததில்லை. டீச்சர் அந்த இடத்தில் பேனையை நிறுத்தினார். வெளியே வெயிலில் தார் இளகிக் கிடந்தது. ஊருக்குள் சுற்றித் திரியும் மான்களில் ஒன்று எங்கள் பெயர்ப்பலகை நிழலில் ஒண்டி நின்றது. டீச்சர் வெளியே பார்த்தார், தாளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"திருகோணமலையில பனி கொட்டினா எனக்கும் ஒரு கோல் எடுத்துச் சொல்லுங்க மகன், சுவெட்டர் வாங்க வேணும்."

இல்லாத டயருக்குக் காற்று

அடுத்த சேர்விசுக்கு டீச்சர் வந்தபோது நான் உஷாராக இருந்தேன். பனிக்கால டயரை வெட்டிவிட்டேன். மற்ற முப்பத்தொன்பதும் வழமைபோல. அவர் வாசித்து முடித்துவிட்டு, "ஸ்பெயார் டயருக்குக் காற்று சரியா?" என்று கேட்டார். "ஓம் டீச்சர், பாத்தாச்சு" என்றேன். வாருங்கள் என்று கூட்டிப்போய் டிக்கியைத் திறந்து காட்டினார். டயர் இருக்க வேண்டிய பள்ளத்தில் ஒரு வெறும் சாக்கு மட்டும் கிடந்தது. டயரை வீட்டில் இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. அவர் குரல் இறங்கியது. வருகிற புதன்கிழமை மட்டக்களப்பில் மகள் ஷிபானாவுக்கு ஒரு அரச வேலைக்கான நேர்முகப் பரீட்சை இருந்தது. படித்து முடித்து நாலு வருடம் காத்திருந்து வந்த முதல் கடிதம். மூதூர், வெருகல் தாண்டிப் போக வேண்டும். காலை எட்டரைக்கு உள்ளே இருக்க வேண்டும். திங்கட்கிழமை காரைத் திரும்பவும் கொண்டுவருவதாகச் சொன்னார். நானே பக்கத்தில் நின்று பார்ப்பதாக வாக்குக் கொடுத்தேன்.

"எனக்குக் கழுவித் தர வேணாம் மகன். புள்ளைய நேரத்துக்குக் கொண்டுபோய் விடக்கூடிய மாதிரி மட்டும் பாத்துத் தாங்க."

திங்கட்கிழமை

அன்று கவுண்டருக்கு முன்னால் ஆறு பேர். நான் பட்டறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. யோகு அண்ணை பொனட்டுக்குள் தலையை விட்டபடி கூப்பிட்டுச் சொன்னார்: ரேடியேட்டரின் மேல் ஹோஸ் பைப் ஊதியிருக்கிறது, கடல் காற்றில் கிளிப்பும் கறள் பிடித்துவிட்டது, மாற்ற வேண்டும், சாமான் கொழும்பிலிருந்து வர இரண்டு நாள் செல்லும். "சரி அண்ணை" என்றேன்.

டீச்சரின் படிவம் என் கையில் இருந்தது. ஹோஸ் பைப் கட்டத்தில் காலையிலேயே போட்ட சரி. அதை மாற்றுவதென்றால் மூன்று தாளையும் கிழித்துப் புதிதாக எழுத வேண்டும், நாற்பது கட்டம். முன்னால் நிற்பவர்கள் கவுண்டரைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். இத்தனை நாள் தாங்கியது புதன்கிழமையும் தாங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டீச்சர் அன்று நேரமில்லாமல் தாளை வாசிக்காமலே மடித்துப் பைக்குள் வைத்தார். முதல் தடவையாக என்னை நம்பினார். கார் வாசலைத் தாண்டிய பிறகு யோகு அண்ணை கையைத் துடைத்தபடி வந்து கேட்டார். நான் ஓம் என்று தலையை ஆட்டினேன்.

"அவவுக்கு வடிவா விளங்கச் சொன்னீங்கள்தானே தம்பி?"

வெருகலுக்கு அருகில்

புதன்கிழமை காலை ஏழேகாலுக்குக் கவுண்டர் தொலைபேசி அடித்தது, டீச்சர்தான். வெருகல் பாலத்துக்குக் கிட்ட பொனட்டிலிருந்து ஆவி கிளம்பி, தண்ணீரெல்லாம் தெருவில் கொட்டிப்போய், கார் நின்றுவிட்டது. பக்கத்தில் வயல்தான். கடந்து போன பஸ் நிறைந்து வழிந்ததால் நிற்கவில்லை. ஒரு உழவு இயந்திரக்காரர் இழுத்து ஓரமாக விட்டிருக்கிறார். பின்னணியில் ஷிபானா யாரையோ கைகாட்டி மறிக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு மீன் லொறியில் ஏறிப் போயிருக்கிறார்கள். போய்ச் சேர்ந்தபோது பதினொன்றாகிவிட்டது. பெயர் கூப்பிட்டு முடித்துக் கதவைச் சாத்தியிருந்தார்கள். அதெல்லாம் பின்னால் தெரிந்தது. அந்த நேரத்தில் தொலைபேசியில் டீச்சர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. திட்டுவதற்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை.

"மகன், இது நீங்க பாத்துத் தந்த கார்தானே?"

வெள்ளைத் தாள்

மனேஜர் கெட்டவர் அல்ல. அன்றே என்னைக் கூப்பிட்டு, ஹோஸ் பைப் பழுதென்று டீச்சருக்குச் சொன்னேனா என்று கேட்டார். சொன்னேன் என்றேன். எழுதினேனா என்று கேட்டார். எழுதினேன் என்றேன். எழுதச் சொல்லி யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நானே போய்க் கோப்பைத் திறந்து, வெள்ளைத் தாளின் அடியில், ஆங்கிலத்தில், நல்ல கையெழுத்தில் எழுதினேன்: ஹோஸ் பைப் பழுது, வாடிக்கையாளருக்குச் சொல்லப்பட்டது, மாற்ற மறுத்துவிட்டார். என் வாழ்நாளில் அந்தப் படிவத்தில் நான் நிதானமாக எழுதிய ஒரே வரி அது.

மறுநாள் டீச்சரும் ஷிபானாவும் வந்தார்கள். மனேஜர் மரியாதையாகக் கதிரை போட்டு உட்காரவைத்து, அந்தத் தாளை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தார். ஷிபானாதான் முதலில் வாசித்தாள். நிமிர்ந்து தாயைப் பார்த்தாள். "உம்மா, தெரிஞ்சுகொண்டா என்னக் கூட்டிப் போனீங்க?" என்று கேட்டாள். டீச்சரின் முகம் குழம்பியது. "சொன்னாரோ மகள்? எனக்கு ஞாபகத்தில இல்லயே" என்றார். எதையும் மறக்காத மனுஷி, என்னால் தன் நினைவையே சந்தேகப்பட்டார். சொன்னீர்களா என்று கேட்பதுபோல் என்னைப் பார்த்தார். நான் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கம் என்றால் என்னவென்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அப்படியிருந்தும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஷிபானா தன் சான்றிதழ்க் கோப்பை மடியில் வைத்திருந்தாள். நேர்முகப் பரீட்சைக்குப் போகும் அவசரத்தில் டீச்சர் திங்கட்கிழமை மடித்து வைத்த தாளையும் அதற்குள் செருகியிருக்கிறார். அவள் அதை எடுத்து வெள்ளைத் தாளுக்குப் பக்கத்தில் விரித்தாள். ரோஸ் தாள். நாற்பது கட்டங்கள், பனிக்கால டயருக்கு ஒரு வெட்டு, ஹோஸ் பைப்பும் சேர்த்து முப்பத்தொன்பது சரி, அடியில் வெறும் இடம். அதன் பிறகுதான், "நான் சொல்லேல்லை டீச்சர். அந்த வரி நேற்று எழுதினது" என்று என் வாயிலிருந்து வந்தது. ரோஸ் தாள் அந்தக் கோப்புக்குள் இல்லாமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா? டீச்சர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"முப்பது வருஷம் பேப்பர் திருத்தினவ நான். பிழையா எழுதின புள்ளய நான் ஏசினதில்ல, மகன். தன்ட பிழைய அடுத்த புள்ளட தலையில போட்ட ஒருத்தனையும் மன்னிச்சதுமில்ல."

திறப்பு

கம்பனி புது ஹோஸ் பைப் போட்டுக் கொடுத்தது, மன்னிப்புக் கடிதம் கொடுத்தது. ஷிபானாவுக்கு இன்னொரு கடிதம் வருமா என்பதை எங்களால் எழுதிக் கொடுக்க முடியவில்லை. எனக்கு வேலை போகவில்லை. போயிருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும் என்று சில நாள் நினைத்ததுண்டு. சட்டம் போட்ட சான்றிதழை நானே கழற்றி அலுமாரிக்குப் பின்னால் வைத்தேன். இப்போது படிவத்தை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் போகிறேன். யோகு அண்ணை விளக்குப் பிடிக்க, பார்த்ததற்கு மட்டும் சரி போடுகிறேன். பார்க்காத கட்டம் வெறுமையாகவே போகும். நேரம் இரட்டிப்பாகிவிட்டது. முன்பு இங்கே நல்ல சேர்விஸ் இருந்தது, இப்போது கெட்டுப்போய்விட்டது என்று ஊருக்குள் கதை.

எட்டு மாதம் கழித்து ஒரு காலை அந்த வெள்ளைக் கார் வாசலில் வந்து நின்றது. வேறு கம்பனிக்குப் போயிருக்கலாம், தெருவோரக் கராஜ் எத்தனையோ இருக்கிறது. டீச்சர் ஸலாம் சொல்லவில்லை, சிரிக்கவும் இல்லை. மற்றவர்களைப் போல் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் திறப்பை என் முன்னால் வைத்தார். நான் எழுந்து நின்றேன். அவர் பைக்குள்ளிருந்து பேனையை எடுத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்:

"நீங்க சொல்லி நான் கேக்கல்ல எண்டு எழுதினீங்களே. இந்த முறை சொல்லுங்க மகன், கேக்கிறன்."

ஆகவே, என்னால் அவதிப்பட்டவர்களே, நல்ல சேர்விஸ் வேண்டுமென்றால் திறப்பை நீட்டும்போது எங்கள் கையைப் பாருங்கள், ஒயில் கறை இல்லாமல் பேனை மட்டும் இருந்தால் ரோஸ் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.