பேட்டரி ரூம் சாவி

தேவதானப்பட்டிக்கு மேலே, மலையடியில் எங்கள் ஊர். மொத்தம் இருபத்தஞ்சு வீடு. கரண்ட் கம்பி அங்கன வந்ததே இல்லை. பள்ளிக்கூடத்து மாடியில் சோலார் தகடு வைத்து, கீழே ஒரு ரூமில் பேட்டரிகளை அடுக்கி, வீட்டுக்கு ரெண்டு பல்பு கொடுத்தாக. பார்த்துக்கொள்ள ஊரில் ஒரு கமிட்டி; ரூம் சாவி மட்டும் என் கையில். இருக்கிற கரண்டைப் பார்த்து அளந்து விடுவது என் வேலை.

நான் படித்தது மூணாம் வகுப்பு. மாட்ட வந்த இன்ஜினியர் எனக்கு விளங்குகிற மாதிரி சொன்னார்: "உறைமோர் மாதிரிம்மா. பேட்டரியில எப்பவும் மிச்சம் இருக்கணும். தொடச்சு எடுத்துட்டா அப்புறம் எவ்வளவு வெயில் அடிச்சாலும் பிடிக்காது. இந்தப் பொட்டியில செவப்பு லைட்டு எரிஞ்சா நிப்பாட்டிருங்க."

ஒரு ஆனி மாசம். மூணு நாளாகச் சாரல், வெயிலே இல்லை. காலையில் சிவப்பு லைட்டு எரியவும் எல்லாத்தையும் நிப்பாட்டினேன். அன்றைக்குப் பார்த்து கமிட்டித் தலைவர் பேரனுக்குக் காதுகுத்து. தலைவரே மைக்செட்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தாக.

"கதவைத் தொற ஆத்தா. தாய்மாமன் சீர் வருது. பாட்டு இல்லாம எழவு வீடு மாதிரி கெடக்கு."

"செவப்பு எரியுதுண்ணே."

"அந்தப் பொட்டியத் தாண்டி நேரா பேட்டரியில மாட்டிரலாம்" என்றார் மைக்செட்காரர்.

கதவை மறித்து நின்றேன். தலைவர் சிரிச்சாக.

"படிச்ச பயக நாலு பேரு இருக்கையில உன்கிட்ட ஏன் சாவியக் குடுத்தோம்? எதுத்துப் பேச மாட்டேன்னுதான்."

ரெண்டு வருஷமாகத் தகடு துடைத்து, பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றி வந்தேன்; வேலைக்கு ஆவேன் என்றுதான் சாவி கொடுத்தாக என்று நினைத்திருந்தேன். உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அப்படியும் திறந்து விட்டேன்.

சாயங்காலம் வரை பாட்டும் ஆட்டமும். சாரல் விட இன்னும் ஒரு வாரம் ஆனது. அதற்குப் பிறகு அடித்த வெயில் எதையும் பேட்டரி பிடிக்கவில்லை.

இன்ஜினியர் வந்து, "யாரு நேரா மாட்டுனது?" என்று கேட்டார்.

"பொம்பளைக்கு என்ன தெரியும் சார்" என்று தலைவர் முந்திக்கொண்டாக.

"நீங்கதான மாட்டச் சொன்னீக" என்றேன். ஊர் முன்னால் நான் பேசிய முதல் பேச்சு.

"ஆத்தாடி, பேசுறாளே!" என்று யாரோ சொல்ல, கூட்டமே சிரித்தது.

"கதவைத் தொறந்தது யாரு?" என்றாக தலைவர்.

நான்தான்.

புதுப் பேட்டரி வரவில்லை. ரேஷன் கடையில் சீமெண்ணெய் வரிசையில் நிற்கும்போது பின்னால் நின்றவள், "எல்லாம் உன்னாலதான்" என்றாள்.

"ஆமாடி. அந்தப் பாட்டுக்கு உன் புருஷன்தான முன்னால நின்னு ஆடுனான்" என்றேன்.

அவள் கேனைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் பின்னால் தள்ளிப் போனாள். எனக்குத்தான் ஆறவில்லை.